இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே

மூன்றடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் அமலி சிஸ்டர் மருந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நான்காம் நம்பர் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள். மாசிலாமணி நாற்காலியிலிருந்து எழுந்து வராந்தாவுக்கு வந்து, ஜன்னலுக்குக் கீழே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் மனைவி இந்திராணி வாய்விட்டுச் சொன்னாள், கொஞ்ச நேரம் வெளியில இருங்க, சிஸ்டர் முடிச்சதும் கூப்பிடுவாங்க என்று. அடுத்த வாரம் கண்ணால் சொன்னாள். இந்த மூன்றாவது வாரத்தில் அதுவும் இல்லை. வண்டிச் சக்கரத்தின் கிறீச் சத்தம் கேட்டதுமே அவர் கால்கள் தாமாக எழுந்துவிடுகின்றன. முப்பத்து நாலு வருஷம் அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர் வெளியே. அவளைத் தெரிந்து பத்தொன்பது நாள் ஆன அமலி உள்ளே. இந்திராணியின் இடது மார்பில் இருக்கிற புண்ணை அவர் இதுவரை பார்த்ததில்லை. வீட்டில் இருந்தவரை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே துடைத்துக் கட்டிக்கொண்டாள். இனி செய்வதற்கு வைத்தியம் இல்லை, வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, கல்லணை போகிற சாலையில் இருக்கும் இந்த இல்லத்துக்கு அழைத்து வந்தார். வந்த அன்றைக்கே அமலி சட்டையை விலக்கிப் பார்த்தாள். அன்றைக்கே. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் வாடை மட்டும்தான். அந்த வாடையை அமுக்க மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவுகிறார்கள் என்பதுகூட வண்டியில் கிடந்த உரலையும் பொடியையும் பார்த்து அவராகக் கண்டுபிடித்ததுதான். சொன்னவர் யாருமில்லை.

சாலையில் ஒரு பஸ் போனது. சத்தத்தை வைத்தே, கியர் மாற்றுகிற விதத்தை வைத்தே, அது மூன்று மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டிய வண்டி, ஏழெட்டு நிமிஷம் தாமதம் என்று மனசு குறித்துக்கொண்டது. டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவருக்கு ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. திரைக்கு உள்ளே நடப்பதற்கும் அவர் நேரம் வைத்திருந்தார். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்ட இருபது நிமிஷம் போதும். ஏழாம் கட்டில் அம்மாளுக்கு இருபதில் முடிகிறது, பார்த்திருக்கிறார். இந்திராணிக்கு மட்டும் நாற்பது, முந்தாநாள் நாற்பத்தேழு. மிச்சமெல்லாம் பேச்சு. என்ன பேச்சு? முதலில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், பிறகு கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம், அப்புறம் குசுகுசுவென்று இரண்டு பெண் குரல்கள், அதில் ஒன்று சட்டென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் முதல் தடவை கேட்டபோது பக்கத்துக் கட்டில் யாரோ என்றுதான் நினைத்தார். இந்திராணி அப்படிச் சிரிப்பாள் என்று அவருக்குத் தெரியாது. தொண்டைக்குள்ளிருந்து வருகிற, கொஞ்சம் முரட்டுத்தனமான, பள்ளிக்கூடத்துப் பெண் சிரிப்பு. போன வாரம் அமலி வராந்தாவில் கை துடைத்துக்கொண்டே, அக்கா ஸ்கூல்ல கோகோ டீம்ல இருந்தாங்களாமே சார், ஜில்லா வரைக்கும் போயிருக்காங்களாமே என்று கேட்டாள். ஆமாம், தெரியுமே என்றார். பொய். கோகோவா? இந்திராணியா? வாசலுக்குக் கோலம் போடக் குனிந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறவள் ஓடியிருக்கிறாள், யாரையோ துரத்திப் பிடித்திருக்கிறாள், அந்த ஊர் மைதானத்தில் அவளுக்காக யாராவது கைதட்டியிருப்பார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அது பேச்சில் வரவில்லையா, வந்து அவர் காதில் விழவில்லையா? இரண்டில் எது என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்த இரவெல்லாம் அவருக்கு அமலி மேல்தான் கோபம் வந்தது. அவளுக்கென்ன அதைக் கேட்டு வாங்குகிற உரிமை?

கஞ்சிகூட அப்படித்தான். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து விடியற்காலையில் அவரே நொய் கஞ்சி காய்ச்சி, பூண்டு தட்டிப் போட்டு, சூடு ஆறாமல் தூக்கில் கொண்டுவருகிறார். இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டு போதும்ங்க என்பாள். அதே தூக்கு, அதே கஞ்சி, அமலி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஊட்டினால் பாதிக் கிண்ணம் உள்ளே போகிறது. ஒருநாள் மிச்சத்தை அவரே குடித்துப் பார்த்தார், உப்பு குறைவோ என்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அமலியிடம் குறை தேட ஆரம்பித்தார். செருப்பைத் தேய்த்து நடக்கிறாள். குழாயைச் சரியாக மூடுவதில்லை. பேசும்போது கொட்டாவி விடுகிறாள். ஐம்பது வயசு இருக்கும், ஒரு முழங்கால் வீங்கியிருக்கிறது, படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இப்படிப்பட்டவளைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை பொறாமைப்படுவானா? பொறாமை என்ற சொல்லை மனசு தானாகச் சொன்னதும் மாசிலாமணி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார், யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. பொறாமை இல்லை, ஒழுங்கு. எதற்கும் ஒரு நேரம் உண்டு. அதைத்தான் இன்று காலை பெரிய டாக்டரிடம் சொன்னார். அந்த சிஸ்டர் ரொம்ப நேரம் பேசிக்கிட்டே இருக்காங்க டாக்டர், நோயாளிக்கு ஓய்வு வேணும், வேற யாரையாவது போட்டா நல்லது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார், சரி, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொன்னதில் என்ன தப்பு? தப்பில்லை. ஆனால் சொல்லிவிட்டு வெளியே வந்தபோது, சின்ன வயசில் பக்கத்து வீட்டுப் பையனின் பம்பரத்தை எடுத்து ஒளித்து வைத்த அன்று இருந்த அதே படபடப்பு. எதற்காக அது இத்தனை வருஷம் கழித்து வர வேண்டும்?

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவருக்கு எல்லாமே கடைசியில்தான் தெரியவந்திருக்கிறது. கட்டியை முதலில் பார்த்தது ஜாக்கெட் தைக்கிற சரோஜா அம்மாள். அளவு எடுக்கும்போது கைபட்டு, என்னம்மா இது கல்லு மாதிரி என்று கேட்டிருக்கிறாள். இரண்டாவது லேடி டாக்டர். மூன்றாவது ஓசூரில் இருக்கிற மருமகள், போனில். நான்காவதுதான் அவர், அதுவும் எட்டு மாசம் கழித்து, சோபாவில் கிடந்த ஸ்கேன் கவரைத் தற்செயலாகப் பிரித்து. ஏன் என்கிட்ட சொல்லலை என்று கேட்டபோது, சொல்லிக்கலாம்னு இருந்தேன் என்றாள், ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருப்பதைச் சொல்ல மறந்தவள் மாதிரி. இங்கே சனிக்கிழமைதோறும் நோயாளிகளின் வீட்டுக்காரர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, மனசில் இருப்பதைச் சொல்லச் சொல்கிறார்கள். ஒவ்வொருவராக அழுதார்கள். அவர் முறை வந்தபோது, எனக்கு ஒரு குறையும் இல்லைங்க, நல்லா பாத்துக்கிறாங்க என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தொண்டை வரைக்கும் வந்தது வேறு: அவ என்கிட்ட அழ மாட்டேங்கிறா. அதை எப்படிச் சொல்வது? பெண்டாட்டி அழவில்லை என்று ஒருத்தன் புகார் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? பத்தாம் கட்டில் ஜாபர் பாயைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரிகிறது. ஜாபரின் மனைவி ரஹ்மத் பீவி வலி தாங்காமல் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். ஒருநாள் டம்ளரை வீசிவிட்டாள். ஜாபர் சட்டையெல்லாம் பாலாக வெளியே வந்து, இந்த பெஞ்சில் உட்கார்ந்து, என்னை விட்டா அவ யாரைத் திட்டுவா என்று சொல்லிக்கொண்டே துடைத்தார். அந்தக் கறையைப் பார்த்து மாசிலாமணிக்கு ஏக்கமாக இருந்தது. தன் சட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. காலையில் இஸ்திரி போட்டது.

ஆனால் இந்திராணிக்கு அவர்மேல் பிரியம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு அவரிடம் சாட்சி இருந்தது. மகன் இளங்கோ பிறந்த அன்று. பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவள் கத்திய கத்தல் அவர் காதுக்குள் ஆணி மாதிரி இறங்கியது. ஐந்தாவது கத்தலோ ஆறாவதோ, எப்படி நடந்தார் என்றே தெரியாமல் டெப்போவுக்கு வந்துவிட்டார். லீவில் இருந்தும் தன் மேஜையில் உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டி எல்லாவற்றையும் எழுதினார், சாயங்காலம் வரைக்கும். பிறகு அழுது வீங்கிய முகத்தோடு போய் நின்றபோது, தையல் போட்ட உடம்போடு படுத்திருந்த இந்திராணி கையை நீட்டி அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஒண்ணுமில்லங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சு, அழாதீங்க என்றாள். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் பார்த்தார்கள். பெற்றவள் ஆறுதல் சொல்ல, ஆண்பிள்ளை அழுதுகொண்டு நின்றான். அதை இத்தனை வருஷமாக அவர் பத்திரமாக வைத்திருந்தார். மனசு சோர்ந்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்வார். எப்படிப்பட்ட பிரியம் இருந்தால் அந்த நிலையில் ஒருத்தி கையை நீட்டித் துடைத்துவிடுவாள். இன்று காலையும் அவள் அப்படித்தான் இருந்தாள். சிஸ்டர்கள் கேட்கிற மாதிரியே அவரும் கேட்டார், பத்துக்கு எத்தனைம்மா வலி என்று. ரெண்டுதாங்க, போய் டிபன் சாப்பிட்டு வாங்க என்றாள். இரண்டு. நல்ல எண். அவர் நிம்மதியாகப் போய் மூன்று இட்லி சாப்பிட்டார்.

ஜன்னலுக்கு உள்ளே அமலியின் குரல் கேட்டது. இன்னைக்கு எவ்வளவுக்கா?

"எட்டு," என்றாள் இந்திராணி. "காலையில ஒம்போது. இப்ப எட்டு."

மாசிலாமணிக்கு முதலில் தோன்றியது வலியைப் பற்றி அல்ல. அதை நினைத்தால் பிற்பாடு அவருக்கே வெட்கமாக இருந்தது. காலையில ஒம்போது என்கிறாளே, காலையில் பக்கத்தில் இருந்தவர் அவரல்லவா, அந்த ஒன்பது அவருக்கு வரவேண்டியதல்லவா, அதை மடித்து வைத்திருந்து மூன்று மணிக்கு வந்தவளிடம் கொடுக்கிறாளே என்றுதான் தோன்றியது. தனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்பதும் எட்டும். பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் போன மாதிரி நெஞ்சு காந்தியது. உள்ளே அமலி ஏதோ மருந்தின் பெயரைச் சொன்னாள், டாக்டரிடம் சொல்லி வேளைக்கு இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்கிறேன் என்றாள். பிறகு குரல் இறங்கியது. திங்கட்கிழமையிலிருந்து தன்னை மேல்மாடிக்கு மாற்றுகிறார்களாம், இப்போதுதான் சொன்னார்கள், வேறொரு சிஸ்டர் வருவாள், நல்ல பெண், கை மெதுவானது என்றாள்.

உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்றது. மாசிலாமணிக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷம் குப்பென்று வந்தது, அவரால் மறைக்க முடியாத சந்தோஷம். திங்கட்கிழமை. இன்னும் நாலு நாள். அதற்குள் இந்திராணி பேசினாள், அவர் கேட்டறியாத ஒரு குரலில், சின்னதாக.

"அப்ப நான் யார்கிட்ட சொல்றது?"

"சார்கிட்ட சொல்லுங்களேன்க்கா. உசிரையே வச்சிருக்காரு. தினம் இந்த ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்காரு."

"வைக்கட்டும். ஆனா அவருக்குத் தாங்காது. எனக்குத் தலைவலின்னாலே அவர் மூஞ்சி போற போக்கைப் பாக்க முடியாது. அப்புறம் என் வலியை விட்டுட்டு அவரைத் தேத்தணும். புள்ளை பொறந்த அன்னைக்கே பாத்துட்டேன். தையல் பிரிஞ்சிரும்னு பயந்துக்கிட்டே கையைத் தூக்கி அவர் கண்ணைத் தொடச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்ப வயசு இருந்திச்சு, செஞ்சேன். இப்ப என்னால முடியல அமலி."

வெயில் வராந்தாவின் பாதி வரைக்கும் வந்து, அவருடைய செருப்பின் நுனியில் நின்றது. மாசிலாமணி அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு பஸ் போனது, அது எந்த வண்டி என்று மனசு குறிக்கவில்லை. தையல் பிரிஞ்சிரும்னு பயந்துக்கிட்டே. அந்தக் கை வந்த விதம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. மெதுவாக, பாதியில் ஒருமுறை நின்று, வயிற்றை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு வந்தது. அப்போதும் அவர் பார்த்திருக்கிறார், பார்த்துக்கொண்டேதான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எத்தனை தடவை அப்படி? கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, அவர் சாப்பிடவில்லை என்று தெரிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு அவருக்குச் சோறு கொடுக்கச் சொன்னாள். அவள் அம்மா செத்தபோது சுடுகாட்டிலிருந்து அவர் திரும்பி வந்து மயங்கி விழ, அழுதுகொண்டிருந்தவள் எழுந்து வந்து விசிறினாள், அதற்கப்புறம் அவள் உட்கார்ந்து அழுததாக அவருக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் பிரியம் என்ற ஒரே பெயரில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பிரியம்தான், அது பொய்யில்லை, வைக்கட்டும் என்றாளே, அந்தச் சொல்லில்கூட இருந்தது. ஆனால் இத்தனை நாளாகத் திரை இழுத்தது தன்னை விலக்கி வைக்கத்தான் என்று நினைத்திருந்தார். அவள் களைத்துப்போய் இழுத்திருக்கிறாள். வேலைக்காரிக்கு மதியம் ஒரு நாற்பது நிமிஷம் ஓய்வு கிடைப்பதுபோல, தன்னிடமிருந்து அவளுக்கு ஒரு நாற்பது நிமிஷம். அதையும் இன்று காலை இஸ்திரி போட்ட சட்டையோடு போய் டாக்டரிடம் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து அவள் ஒன்பதை எங்கே வைப்பாள்? விழுங்குவாள். அவருக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு விழுங்குவாள். அவர் போய் இட்லி சாப்பிடுவார். அமலியைப் பார்த்து எரிந்த வயிறு இப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு பேச்சைக் கேட்டவுடன் அணைந்துவிடுகிற நெருப்பா அது? அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவள் இருக்கிறாள். ஆனால் அந்த இடம் காலியாகக் கிடந்து, அதற்கப்புறம்தான் அவள் வந்து உட்கார்ந்தாள் என்பது தெரிந்த பிறகு எரிகிற விதம் மாறியிருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. எழுந்து சாலைக்குப் போய் வருகிற பஸ்ஸில் ஏறிவிடலாம் என்று கால் சொன்னது, அன்றைக்கு டெப்போவுக்கு நடந்த அதே கால். அவர் எழுந்தார். வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு திரும்பி வார்டுக்குள் போய், இதுவரை கூப்பிடாமல் ஒருநாளும் தொடாத அந்தத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நின்றார்.

இந்திராணி அவரைப் பார்த்ததும் போர்வையை இழுக்கப் பார்த்தாள், கை எட்டவில்லை. வெளியில இருங்க என்றாள். அவர் அமலியிடம் திரும்பினார். டாக்டர்கிட்ட உங்களை மாத்தச் சொன்னது நான்தான், போய் வேண்டாம்னு சொல்லிடுறேன் என்றார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. இந்திராணியின் கண் அவர்மேல் நிலைத்தது. அமலி பஞ்சை நனைத்துக்கொண்டே, தெரியும் சார் என்றாள், கோபமோ ஆச்சரியமோ இல்லாமல். எல்லா வீட்டுலயும் ஒருத்தர் சொல்வாங்க. இப்ப வந்ததுதான் வந்தீங்க, அக்காவை ஒருக்களிச்சுப் பிடிக்க ஆள் வேணும், எனக்கு முழங்கால் ஒத்துழைக்கல, தோளுக்குக் கீழே கையைக் கொடுங்க. அவர் கையைக் கொடுத்தார். இந்திராணியின் உடம்பு காகிதம் மாதிரி லேசாகவும் அடுப்பு மாதிரி சூடாகவும் இருந்தது. அமலி பழைய கட்டின் கடைசிச் சுற்றை எடுத்தபோது அவர் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைக்குமுன் பார்த்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் தெரிந்த இடம் அங்கே இல்லை. மண் சரிந்த கரை மாதிரி ஏதோ இருந்தது, சிவந்து, ஓரங்கள் மடிந்து, உள்ளே ஆழமாக. இந்திராணி புண்ணைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிரசவ வார்டில் பார்த்த அதே உஷாரோடு. அவர் உதட்டைக் கடித்தார். தாடை தானாக ஆடத் தொடங்கியது, கண் நிறைந்தது, எவ்வளவு பிடித்தும் நிற்கவில்லை. அவளுடைய வலது கை போர்வையிலிருந்து வெளியே வந்து, மேலே எழும்பி, பாதி வழியில் நின்றது. பிறகு படுக்கையிலேயே இறங்கியது.

"மூஞ்சியைத் திருப்பிக்குங்க," என்றாள் இந்திராணி. எரிச்சலான குரல், அவருக்கு இதுவரை கிடைக்காத குரல். "என்னால உங்களைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. ஆனா கையை எடுக்காதீங்க."

மாசிலாமணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுண்ணாம்பு உரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணீர் மூக்கின் ஓரமாக இறங்கிச் சட்டைக் காலரில் விழ விட்டுவிட்டு நின்றார். கையை எடுக்கவில்லை. பின்னால் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, அவள் தோள் அவர் உள்ளங்கையில் ஒருமுறை விறைத்து, பல்லைக் கடிக்கிற ஓசை வந்து, மெல்லத் தளர்ந்தது. இப்ப எவ்வளவு என்று அமலி கேட்டாள். இந்திராணி ஒம்போது என்றாள், அடக்காமல், வார்டுக்கே கேட்கிற மாதிரி. அதை யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அவருக்குத் தெரியவில்லை.